உக்காந்தா விட்டுருங்க

அந்தக் கூடையில் இருப்பது நாய்க்குட்டிதானே? மூடியை ஏன் இவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள், நண்பரே? மூக்கு வெளியே தெரியும் அளவுக்காவது திறந்து வையுங்கள். கண்டக்டர் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். சீருடை போட்டவர்களிடம் பேசியே என் காலம் போயிருக்கிறது.

அன்னூருக்கா? நான் சரவணம்பட்டியில் இறங்கிவிடுவேன். இந்த நெரிசலில் பஸ் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு பொதுக்கூட்டமே நடத்தி முடிக்கலாம்.

நாட்டுக் குட்டி. நல்லது. உயர்ந்த ஜாதி, தாழ்ந்த ஜாதி நான் பார்ப்பதில்லை, நாயிலும் பார்ப்பதில்லை. ஆனால் எந்த நாயாக இருந்தாலும் தினசரி நடைக்கு ஒரு திட்டம் வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த வழியில், எவ்வளவு நேரம் என்று எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இதைப் பற்றி ஒரு துண்டறிக்கையே போடலாம் என்று இருந்தேன். தலைப்புகூட யோசித்துவிட்டேன். இனிப் போட மாட்டேன்.

என் பேச்சு மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறதா? சிரியுங்கள், பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். மீதிப் படிப்பெல்லாம் மில் வாசலில் கொடுத்த துண்டறிக்கைகள். வாங்கிப் படித்தேன்; பிறகு நானே எழுதினேன்; நானே பசை காய்ச்சி ஒட்டினேன். ஸ்பின்னிங் மில் திருமூர்த்தி என்று சிங்காநல்லூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். இல்லை, கேட்காதீர்கள். இப்போது அங்கே யாருக்கும் தெரியாது. மில் இருந்த இடத்தில் கார் விற்கிறார்கள்.

எனக்கு ஒரே மகள். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரை வைத்தேன், வாலண்டினா என்று. பள்ளியில் பிள்ளைகள் 'வாலு, வாலு' என்று அழைத்து அழவைத்தார்களாம். இப்போது அவள் கம்பெனியில் டினா. ஒரு போராட்டக்காரன் வைத்த பெயரில் அவர்களுக்கு வேண்டியது பாதிதான். பரவாயில்லை.

அவள் பிறந்தபோது நான் சிறையில் இருந்தேன். அவள் பூப்பெய்தியபோது கதவடைப்பு. அவள் திருமணத்தன்று காலையில்கூட லேபர் ஆபீசில் ஒரு பேச்சுவார்த்தையை முடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். ஊருக்காக வாழ்ந்தவனுக்கு வீட்டில் மரியாதை குறைவுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. பொங்கலுக்கு வருவாள், தீபாவளிக்குப் போன் செய்வாள். குழந்தை இல்லை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. முற்போக்காளன் பெண்ணிடம் அதைக் கேட்கக் கூடாது.

அப்படிப்பட்டவள் பங்குனி மாதத்தில் போன் செய்தாள். "அப்பா, எனக்கும் சிபிக்கும் ஒரே சமயத்துல பெங்களூர்ல வேலை வந்துருச்சு. பஞ்சுவ ஹாஸ்டல்ல விட எனக்கு மனசு வல்லப்பா. நீங்க வந்து பாத்துக்கறீங்களா?"

பாத்துக்கறீங்களா. நண்பரே, அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை ஆண்டு காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. தொழிலாளர்கள் எத்தனையோ பொறுப்புகளைக் கொடுத்தார்கள். என் மகள் கொடுத்த முதல் பொறுப்பு இதுதான். துணிப்பையை எடுத்துக்கொண்டு சரவணம்பட்டிக்கு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஞ்சு என்பது அந்த நாய். செயின்ட் பெர்னார்டு என்கிற வகை. ஒரு நாய் வகைக்குப் புனிதர் பட்டம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், மதம் எங்கெல்லாம் நுழைகிறது! கன்றுக்குட்டி அளவு இருக்கும். வெள்ளையும் செம்பழுப்புமாக, கை வைத்தால் மணிக்கட்டு வரை புதைகிற முடி. அதனால் பஞ்சு என்று பெயர். என் நெஞ்சுக்குள் அடைத்துக்கிடப்பதும் மில் பஞ்சுதான் என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். பார்த்தீர்களா, அன்று சிரித்தாள்.

குரைக்காது. கடிக்காது. பூனை வந்து அதன் தட்டில் தின்றாலும் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு நிதானம். மருமகன் சிபி சொன்னார்: "இது பனி மலைல பொறந்த ஜாதிங்க மாமா. பனில புதைஞ்சவங்கள மோப்பம் புடிச்சுத் தோண்டி எடுக்குமாமுங்க." அப்போதே எனக்கு அதன்மேல் மதிப்பு வந்துவிட்டது. பிறப்பால் அது ஓர் உழைப்பாளி, மீட்புத் தொழிலாளி. அதை ஏசி அறையில் டைல்ஸ் தரையில் கிடத்திப் பொம்மையாக்கி வைத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது மகள் சொன்னதைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. "காலைல விடியறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம். ராத்திரி கொஞ்ச தூரம். நடுவுல வெளிய வேண்டாம். மெதுவாத்தான் நடக்கும், இழுக்காதீங்க. உக்காந்தா விட்டுருங்க."

உக்காந்தா விட்டுருங்க. அவள் வாயால் சொன்னது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் விடியலுக்கு முன்னால் எழுப்பப் போனேன். அது ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நண்பரே. மில் சங்கு ஊதும்போது எங்கள் லைன் வீடுகளில் எல்லாருக்கும் அந்தப் பார்வைதான். என் தம்பி தூக்கக் கலக்கத்தில் ரோட்டைக் கடந்து லாரியில் அடிபட்டது அந்த விடியற்காலைச் சங்குக்குத்தான். எட்டு மணி நேர உறக்கம் ஒவ்வொரு உயிரின் உரிமை என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். என் கையால் ஓர் உயிரை இருட்டில் எழுப்புவதா? தூங்கு தோழர் என்று போர்வையை இழுத்துவிட்டேன். ஆமாம், தோழர் என்றுதான் கூப்பிட்டேன். அதற்கும் பிடித்திருந்தது.

ஆகவே திட்டத்தை மாற்றினேன். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, காலை உணவு முடிந்து, செரித்து, அதுவாக விரும்பி எழுந்த பின் நடை. சந்துபொந்தில் ஒளிந்து ஒளிந்து அல்ல. எல்லாரும் பார்க்கும் நடுச்சாலையில், தலை நிமிர்ந்து. கட்டாயம் இல்லை, அவசரம் இல்லை. இதைவிட நியாயமான திட்டத்தை எந்த நாய்க்காவது எவராவது போட்டிருப்பார்களா, சொல்லுங்கள்.

அங்கேதான் அந்தக் குடியிருப்பின் செக்ரட்டரி வந்தார். கங்காதரன் என்று பெயர். பேங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அரை டிரவுசர், வெள்ளை ஷூ.

"பெரியவரே, பெரிய நாய்க்கெல்லாம் டைம் இருக்குதுங்க. காலைல ஆறுக்கு முன்னாடி, ராத்திரி எட்டுக்கு மேல. குழந்தைங்க பயப்படுது. சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கோம்."

"எந்தச் சங்கத்தில்?"

"குடியிருப்போர் சங்கத்துலங்க."

"வேலை செய்கிறவர்கள் சேர்ந்தால் அது சங்கம். வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்தால் அதற்கு வேறு பெயர்" என்றேன்.

அவர் வாட்ச்மேனைப் பார்த்துச் சிரித்தார். "நாய்க்குமா யூனியன் வெக்கறீங்க?"

"நாய்க்கு யூனியன் இல்லை என்கிற தைரியத்தில்தானே நீங்கள் தீர்மானம் போடுகிறீர்கள்?"

பக்கத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். கங்காதரன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு உடம்பில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. ஒரு நாய் பகல் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாதாம்! சில மனிதர்களைத் தெருவுக்குள் விடாமல் வைத்திருந்த அதே புத்திதான் இது. வேறென்ன?

மறுநாளும் அதே நேரத்துக்குக் கூட்டிப் போனேன். அன்று மாலை மகள் பேசினாள்.

"அப்பா, செக்ரட்டரி குரூப்ல போட்டிருக்காரு. பத்து மணிக்கு மேல பஞ்சுவக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"போனேன். நீ பயப்படாதே. இதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"பயமெல்லாம் இல்லப்பா. வெயிலு."

"வெயிலிலேதானம்மா நாங்கள் வளர்ந்தோம்."

"நீங்க வளந்தீங்க. அது பனிக்குப் பொறந்தது. இவ்வளவு முடிய வெச்சுக்கிட்டு அதால தாங்க முடியாதுப்பா. ப்ளீஸ்ப்பா."

ப்ளீஸ் என்றாள். என் மகள். வெள்ளை ஷூ போட்ட ஒருவனுக்குப் பயந்து, வெயில் என்று ஒரு சாக்கு சொல்லி, பெற்ற தகப்பனிடம் கெஞ்சுகிறாள். எனக்கு நெஞ்சே ஆறவில்லை. இந்தப் பயத்தை அவளுக்குள்ளிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். சொத்து சுகம் என்று அவளுக்கு நான் எதுவும் கொடுத்ததில்லை. இதையாவது கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

அன்று இரவு எனக்கு இருமல் வந்தது, நெஞ்சுப் பஞ்சு. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஞ்சு எழுந்து வந்தது. ஏசிக் காற்றை விட்டுவிட்டு, நான் உட்கார்ந்திருந்த மூலைக்கு வந்து, அந்தப் பெரிய தலையை என் மடியில் வைத்தது. வேட்டியெல்லாம் எச்சில். இருமல் நிற்கும்வரை தலையை எடுக்கவில்லை. என் மனைவி போன பிறகு என் இருமலுக்கு எழுந்து வந்த உயிர் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் அது எழவே மனமில்லாமல் படுத்திருந்தது. நான் கட்டாயப்படுத்தவில்லை. காத்திருந்தேன். பதினோரு மணிக்கு மேல்தான் கொஞ்சம் தலையைத் தூக்கியது. ஒரு பிஸ்கட்டைக் காட்டினேன், எழுந்துகொண்டது. கிளப் ஹவுஸ் வரை நடந்தோம். தரையெல்லாம் சிமெண்ட் கல். கங்காதரன் படியிலிருந்து இறங்கி வந்தார், கூட இரண்டு பேர்.

"சொன்னாக் கேக்க மாட்டீங்களா? எடுங்க நாய, மொதல்ல இங்கிருந்து எடுங்க."

அந்தக் கணத்தில் பஞ்சு உட்கார்ந்தது.

நண்பரே, யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 'எடு' என்று அதிகாரம் சொன்ன மறுநொடி, அது சாலையின் நடுவே அப்படியே உட்கார்ந்தது. மில் ஹாலில் மெஷினை நிறுத்திவிட்டு நாங்கள் உட்கார்ந்தோமே, அதே மாதிரி. பிறகு முன்னங்காலை நீட்டிப் படுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளிருப்பு! அந்தச் சொல்லைத்தான் சொன்னேன், உரக்கவே சொன்னேன். பிறகு நானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரை சுட்டது. சுடட்டும் என்று இருந்தேன்.

மகள் சொன்னது நினைவிருக்கிறதா? உக்காந்தா விட்டுருங்க. விட்டேன். இழுக்கவில்லை. கயிற்றைக்கூடக் கையிலிருந்து தளர்த்திவிட்டேன்.

என்ன கேட்டீர்கள்? மூச்சு வாங்கியதா? வாங்கியது. நாய் என்றால் மூச்சு வாங்காதா? நாக்கு தொங்கியது. எச்சில் நூலாக வழிந்தது; அது எப்போதும் வழிவதுதான். நீங்களும் அவர்களைப் போலவே கேட்கிறீர்கள். அந்தக் கூடையை இந்தப் பக்கம் நகர்த்துங்கள், அங்கே வெயில் விழுகிறது. இல்லை, இன்னும் இப்படி. சரி.

கொஞ்ச நேரத்தில் கங்காதரன் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். குரலெல்லாம் மாறிவிட்டது. "ஐயா, அதுக்கு என்னமோ ஆகுதுங்க. தண்ணி ஊத்தறேன், கொஞ்சம் நகருங்க."

நான் வாளியைத் தடுத்தேன். போராட்டத்தில் உட்கார்ந்தவன் நிர்வாகம் கொடுக்கிற தண்ணீரை வாங்கக் கூடாது. இது பால பாடம். எத்தனை போராட்டங்களை ஒரு டம்ளர் மோரில் முடித்திருக்கிறார்கள் தெரியுமா? மோரைக் கொடுத்துப் போட்டோ எடுத்துவிடுவார்கள். "உங்கள் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்" என்றேன். எங்களுக்கு என்றேன். அதற்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

"யோவ், நீ வேண்டாம்னு சொல்லு. அது சொல்லுச்சா?" என்று கத்தினார்.

நல்ல கேள்விதான். மேடையில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் பதில் வைத்திருப்பேன். நான் பஞ்சுவைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை.

அப்புறம் அவர் என்னைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். அவர்கள் மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். அவருடைய காரில்தான் போனோம். பின்சீட்டெல்லாம் வாந்தி. வழியெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினார். நல்ல பெயரை அவர் எடுத்துக்கொண்டார். முதலாளிகள் எப்போதும் கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள்.

டாக்டர் சின்னப் பெண். ஐஸ் வைத்தாள், ஊசி போட்டாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, "வெயில் தாக்கிருச்சுங்க. காப்பாத்த முடியல. இந்த வகைக்கு உடம்புச் சூடு வெளிய போகாது" என்றாள். நான் நம்பவில்லை. எங்கள் தோழர் ஒருவர் பஞ்சுத் தூசியில் நுரையீரல் போய்ச் செத்தபோது, மில் டாக்டர் 'பீடி' என்று எழுதினார். எழுதுகிறவர்கள் யார் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஒரு மீட்புத் தொழிலாளியை இத்தனை வருடம் குளிர் அறையில் அடைத்து வைத்ததால் அதன் உடம்பு பலவீனமாகிவிட்டது. அதுதான் காரணம். நான் அப்படித்தான் சொல்வேன்.

மகள் அன்று மாலையே வந்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் தரையில் உட்கார்ந்து, பஞ்சுவைச் சீவுகிற பிரஷை எடுத்து, அதில் சிக்கியிருந்த முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேனேப்பா" என்றாள்.

"நீ சொன்னபடிதான் செய்தேன். உட்கார்ந்தால் விட்டுவிடச் சொன்னாய்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நடக்கறத விட்டுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்கன்னு சொன்னேன்ப்பா."

'விட்டுருங்க' என்றால் அப்படியும் ஒரு பொருள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதும், தமிழ் தெரிந்த எவரிடமும் கேளுங்கள், நான் கொண்ட பொருளும் சரியான பொருள்தான்.

"நீங்க கெளம்புங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

சிபிதான் காரில் கொண்டுவந்து விட்டார். ஹோப்ஸ் காலேஜைத் தாண்டினோம். அப்புறம் சொன்னார்: "அஞ்சாம் மாசத்துல கொழந்தை போயிருச்சுங்க மாமா. ரெண்டு வருசம் முன்னால. அவ எந்திரிக்கவே இல்ல. அப்பத்தான் பஞ்சுவக் கொண்டாந்தேன். அதுக்கு நடக்கோணும்னுதான் அவ எந்திரிச்சா."

"என்னிடம் யாரும் சொல்லவில்லையே."

"நீங்க கேக்கவே இல்லீங்களே, மாமா."

கொள்கைக்காகத்தான் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சிக்னல் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் என் போனை எடுப்பதில்லை. ஆகவே ஞாயிறுதோறும் போய் அந்த கேட்டுக்கு வெளியே உட்காருகிறேன். காத்திருப்புப் போராட்டம். வாட்ச்மேன் நாற்காலி போடுவார், நான் வாங்குவதில்லை. உள்ளே போகிற கார்கள் எல்லாம் என்னைப் பார்த்து வேகத்தைக் குறைக்கின்றன. கங்காதரன்கூட ஒரு நாள் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு வேறு வழி தெரியாது, நண்பரே. உட்காரத்தான் தெரியும்.

போன ஞாயிறு அவள் வந்தாள். கேட்டுக்கு உள்பக்கம் நின்றாள். மெலிந்து போயிருக்கிறாள். தலைகூடச் சரியாகச் சீவவில்லை.

"என்னப்பா வேணும் உங்களுக்கு?"

இதே கேள்வியை எத்தனை நிர்வாகங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன! கேட்டு முடிப்பதற்குள் கோரிக்கையை மேசைமேல் வைத்திருப்பேன்.

"ஒன்றுமில்லையம்மா" என்றேன்.

"ஒண்ணுமில்லாததுக்கா உக்காந்திருக்கீங்க?" கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

இந்த வாரம் முழுக்கக் கோரிக்கையை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். மன்னிப்பு என்று வைத்தால் குற்றம் என்று ஆகிவிடுகிறது, அடித்துவிட்டேன். பேச்சுவார்த்தை என்று வைத்தேன். பேச என்ன இருக்கிறது? எல்லாம் அடித்து அடித்துக் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. 'இன்னும் ஒரே ஒரு தடவை, எதையாவது என்னிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்.'

இது ஒரு கோரிக்கையா, சொல்லுங்கள்? எந்த நிர்வாகம் இதை ஒப்புக்கொள்ளும்? அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

சரவணம்பட்டி வந்துவிட்டது. கொஞ்சம் காலை நகர்த்துங்கள், நண்பரே. நான் போய் உட்கார வேண்டும்.